இருபத்து நான்கு மாதமும் ஒரு தாழ்ப்பாளும்

சரக்... சரக்... யாரோ கோணியை இழுத்துக்கொண்டு செம்பனை ஓரமாக நடப்பதுபோல ஒரு சத்தம். இரவு மணி பத்து. வீட்டில் நானும் எட்டு மாதப் பிள்ளையும்தான். என் வீட்டுக்காரருக்குச் செண்டாயான் தொழிற்சாலையில் இரவு வேலை. பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் போனுக்கு லைன் கிடைப்பது பின்வாசல் படியில் மட்டும்தான். போனைப் படியில் வைத்து, அவர் கூப்பிட்டால் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைப்பேன். அன்று விடியும்வரை மாதாவைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் நான் பெடாஸில் கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவள். இந்தத் தொழிலில் மாட்டியிருக்கும் உங்களுக்குத் தெரியும், விற்கிற நமக்கும் வாங்குகிற ஆசை வந்துவிடும். புதுப் போன் எடுத்தால் லைன் வீட்டுக்குள் வரும், கதவைச் சாத்திவிடலாம் என்று எனக்கும் வந்தது. மொத்தமாகக் கொடுக்க வழியில்லை; இருபத்து நான்கு மாத ஒப்பந்தம்தான்.

சின்ன எழுத்து

கான்வென்ட்டில் படித்த பழக்கம், வாங்க வருபவருக்கு எதையும் கடைசி வரிவரை படித்துக் காட்டிவிடுவேன். செம்பனைக் குலை வெட்டும் முத்து அண்ணன் மகளுக்கு விலை உயர்ந்த போனாகக் கேட்டார். தொலைந்தாலும் உடைந்தாலும் இரண்டு வருடம் மாதக் கட்டணம் நிற்காது என்று படித்தேன். எங்கள் கடை முதலாளி தவுக்கே கல்லாவிலிருந்து முறைத்தார்.

அண்ணன் பேனாவை மூடி வைத்தார். "அப்போ செத்துப்போன போனுக்கு மாசாமாசம் நான் கருமாதி பண்ணணுமா, தங்கச்சி?"

திரும்பி வந்த பெட்டி

பக்கத்துத் தோட்டத்து மேரி ஆன்ட்டி போன மாதம்தான் வாங்கினார். சிங்கப்பூரில் இருக்கும் மகனை வீட்டில் உட்கார்ந்தே பார்க்க வேண்டுமாம். பெட்டியோடு திரும்பி வந்தார். படம் பளிச்சென்று எடுக்கிறதாம், பாட்டு நன்றாகக் கேட்கிறதாம். மகன் முகம் மட்டும் தராசுக் கொட்டகை மேட்டில் ஏறி நின்றால்தான் வருகிறதாம்.

திருப்பி எடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே பெட்டியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "லைன் என்னைத் தேடி வரும்னு நெனச்சேன்மா. இன்னமும் நான்தான் லைனைத் தேடிப் போறேன்."

ஒரு ராத்திரிக்கு மட்டும்

அதைக் கேட்ட பிறகும் மறுநாள் எனக்கென்று ஒப்பந்தப் பாரத்தை எடுத்து நிரப்பினேன். பயம் வந்தால் படித்த படிப்பெல்லாம் எங்கே போகிறதோ. தவுக்கே பாரத்தைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். பிறகு கண்ணாடி அலமாரியில் இருந்த மாதிரிப் போனை எடுத்து என் சிம்மைப் போட்டுக் கொடுத்தார். "கொண்டு போ. வீட்டில பாரு."

பார்த்தேன். லைன் படுக்கையில் இல்லை, அடுப்படியில் இல்லை, தொட்டில் பக்கம் இல்லை. பின்வாசல் படியில் இருந்தது. காலையில் திருப்பிக் கொடுத்தபோது அவர் பாரத்தை இரண்டாகக் கிழித்தார். "எல்லாருக்கும் படிச்சுக் காட்டுற லா. உனக்கு யாரு படிச்சுக் காட்டுறது?"

பலகைச் சுவர்

அன்றிரவு மறுபடியும் அதே சத்தம். பதறி எழுந்ததில் காவலுக்குக் கையில் வைத்திருந்த கரண்டி பலகைச் சுவரில் மோதியது. உடனே அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு. "என்னாடி?" பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா. விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு ஓடி வேலை ஆள் கணக்கில் நிற்க வேண்டியவர் என்று நான் ஒருநாளும் எழுப்பியதில்லை.

டார்ச்சோடு வந்துவிட்டார். வெளிச்சத்தில் முள்ளைச் சரக் சரக்கென்று சிலிர்த்துக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி. வாயில் உதிர்ந்த செம்பனைப் பழம். நான் போன் கதையைச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் பிள்ளையும் விழித்துச் சிரித்தது. "இதுக்கா ரெண்டு வருசத்துக்குப் போன் எடுக்கப் பாத்த? நடுவுல ஒரு பலகைதான்டி. மூணு தட்டுத் தட்டு, வந்துர்றேன். மொதல்ல கதவச் சாத்து!"

படியில் நின்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: 'இனி ராத்திரி கூப்பிட வேண்டாம், அக்கா இருக்காங்க.'

விற்கிறவளாகச் சொன்னால் புதுப் போன் நல்ல போன்தான், ஆனால் என் பயத்துக்கு அது சரியான விலை இல்லை என்று கையெழுத்துப் போடுமுன்னே தெரிந்துகொண்டவளாக, பழைய போனை உள்ளே எடுத்துவந்து, பின்கதவைச் சாத்தி, துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கரண்டியால் தட்டித் தட்டிப் போட்டேன்.