சுதாவின் டிவி கேமும் சில ஆக்ரிக் கடைகளும்

பழைய எலக்ட்ரானிக் சாமான் சேர்க்கிறவன் கடைக்குள் நுழையும்போதே முகத்தை ஒன்றும் வேண்டாதவன் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். ஆசை வெளியே தெரிந்துவிட்டால், துருப்பிடித்த ரேடியோகூட அந்த நிமிஷமே பொக்கிஷமாகிவிடும். இத்தனை வருஷம் பழகியும் எனக்கு அந்த முகம் வரவில்லை. வார நாட்களில் நான் குமாஸ்தா. ஞாயிறானால் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, இங்கே எல்லாரும் ஆக்ரிக் கடை என்று சொல்கிற பழைய சாமான் கடைகளைச் சுற்றக் கிளம்பிவிடுவேன். டேப் ரிக்கார்டர், பாக்கெட் ரேடியோ, டிவி கேம் என்று அலமாரி நிறைய அடைத்துவைத்து வீட்டில் வசவு வாங்குகிற சகபாடிகளே, இது உங்களுக்காக.

வயிற்றைப் பார்க்கிற ஆள்

எந்த டிவி கேம் கண்ணில் பட்டாலும் நான் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். காரணம் என் தங்கை சுதா. அவள் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு அப்பா ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார். நான் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று பொட்டிக்கு அடியிலும், ஒயரில் மாட்டிக் கையில் பிடித்து ஆடுகிற ரிமோட்டுக்கு அடியிலும் சிவப்பு நகப்பாலிஷில் 'சு' என்று எழுதிவைத்தாள். அவள் லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, அதைப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவனிடம் கொடுத்துவிட்டு கிரிக்கெட் மட்டை வாங்கிக்கொண்டேன். மட்டை பத்தே நாளில் உடைந்தது. பிறகு அவள் கல்யாணத்தின்போது, அண்ணன் சீராக என்ன வேண்டும் என்று கேட்டேன். என் டிவி கேம் வேண்டும் என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அந்த முகம்தான் என்னைக் கடை கடையாக ஏற வைத்தது.

வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை நாளன்று ஒரு கடையில் ஆறேழு ரிமோட்டுகளை வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்த ஆளைக் கவனிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "ஏனுங்க, சந்தையில மாட்டுக்குப் பல்லத்தான பாக்கறாங்க. நீங்க என்னமோ எல்லாத்தையும் மல்லாத்திப் போட்டு வயித்தப் பாக்கறீங்க?"

கொடியில் காய்ந்த ரேடியோ

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் சரசக்காவின் ஆக்ரிக் கடை. நல்ல மனுஷி, ஆனால் சுத்தக்காரி. ஒரு டிவி கேம் வந்திருக்கிறது என்று போன் செய்தார். போய்ப் பார்த்தால், துணி காயும் கொடியில் இரண்டு ரேடியோவும் அந்த டிவி கேமும் ஒயரால் கட்டித் தொங்குகின்றன. சோப்புத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போன தண்ணீரைவிட, நகப்பாலிஷ் கரைந்திருக்குமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அடிப்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். அது சுதாவுடையது இல்லை.

இதையெல்லாம் கழுவலாமா அக்கா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அழுக்கோட குடுத்தா எங்க ஊட்டுக்குத்தானுங்க கெட்ட பேரு?" என்றார்.

அந்தச் சத்தம்

பாலக்காட்டு டவுனில் எனக்குத் தெரிந்த ரிப்பேர் கடைக்கு ஒருநாள் கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து வயதான ஒரு மாமா வந்தார். துணிப்பையில் ஒரு டிவி கேம். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், பரண் காலியானால் போதும், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் என் முகத்தைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு கவிழ்த்துப் பார்த்தேன். 'சு' இல்லை. ஆனாலும் நல்ல சாமான். கூடவே இருந்த கேம் கேசட்டின் செம்புப் பல்லை ரப்பரால் தேய்த்து, கடை டிவியில் மாட்டினேன்.

படம் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. உடனே அந்த ஆரம்ப இசை வந்தது. உங்களுக்குத் தெரியும், காதில் விழுந்ததுமே பரீட்சை முடிந்த மத்தியானம் ஞாபகம் வருகிற இசை. மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு தாமே ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கணும். இந்தச் சத்தம் கேட்டப்பறம் எப்படியாக்கும் இதைக் குடுக்கறது?"

பேப்பர் கட்டு

போன மாதம் சுதாவிடமிருந்து போன் வந்தது. மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவள் கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். சீர்த்தட்டில் அந்த டிவி கேமை வைக்காமல் இந்த முறையும் மலையேறுவதா என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்று ஞாயிறு விடாமல் அலைந்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

கடைசி ஞாயிறு சரசக்கா கடையில் வெறுங்கையோடு திரும்பும்போது, வாசலில் இருந்த பழைய பேப்பர் கட்டில் கால் இடறியது. கட்டைச் சுற்றியிருந்தது கயிறு இல்லை, கறுப்பு ஒயர். ஒயரின் நுனியில் ஒரு ரிமோட். திருப்பினேன். பாதி உதிர்ந்த சிவப்பில் 'சு'. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் முகம் எப்படி இருந்ததோ, சரசக்கா விலையே சொல்லவில்லை. "எடுத்துட்டுப் போங்க. பேப்பரக் கட்டறதுக்கு மட்டும் ஒரு கயிறு குடுத்துட்டுப் போங்க."

சீர்த்தட்டு

வாழைப்பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, கம்மல், நடுவில் அந்த ரிமோட். எஸ்டேட் கோயிலில் தட்டை இறக்கி வைத்ததும் சுதாவின் மாமியார், கரண்டு சாமானை எதற்குச் சாமி முன்னால் வைத்தீர்கள் என்று கேட்டார். சுதா ரிமோட்டைக் கையில் எடுத்தாள், என்னைப் போலவே முதலில் திருப்பித்தான் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த எழுத்தைத் தடவினாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்: "ரிமோட்டு வந்துருச்சு. சரி, பொட்டி எங்கீங்ணா?"

ஆக, பொட்டி கிடைக்கிறவரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, அது கிடைக்காமலே போனாலும் இப்போது எனக்கு அவ்வளவு வருத்தமில்லை.