கமகுவேயின் மழைநீர்ப் பானையும் நான் கொண்டுபோன புற்றுமண்ணும்

சங்கரன்கோவிலிலிருந்து கியூபாவுக்கு யாராவது போவார்களா என்று எங்கள் தெருவே கேட்டது. நான் போனேன். என் வீட்டுக்காரருக்கு ஜமைக்காவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. நான்கு பேர் சேர்ந்து தங்கும் அறை, குடும்பத்தைக் கூப்பிட வழியில்லை. ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டக் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னார். கையெழுத்துப் போடாதீங்க என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துத் தீவுதான் கியூபா, விசாவும் சுலபம். அவருக்கு ஒரு வாரம் விடுப்புக் கிடைத்தது. பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிற நானும் தலைமையாசிரியையின் முறைப்பை வாங்கிக்கொண்டு, எங்கள் கோவில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு சென்னை ரயிலைப் பிடித்தேன்.

இரண்டு விமானம் மாறி ஹவானா. அங்கே முதல் கூத்து. எங்கள் ஊர்க்காரர்கள் தூரதேசம் போனால் கோவில் புற்றுமண்ணை ஒரு பொட்டலம் எடுத்துப் போவோம். நெற்றியில் இட்டுக்கொள்வோம், உடம்புக்கு முடியாவிட்டால் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்துக் குடிப்போம். இவருக்காக எடுத்துப் போயிருந்தேன். வெளிநாட்டு மண்ணை நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது பாடம் நடத்துகிற எனக்கு உறைக்கவே இல்லை. சாமி பிரசாதம் என்று சைகையில் சொல்லிப் பார்த்தேன். அந்த அதிகாரி பெண் தன்மையாகத்தான் வாங்கினாள். வாங்கிக் குப்பைப் பையில் போட்டுவிட்டாள்.

வெளியே வந்தபோது இவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது.

"ஏட்டி, ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்கேன், அழுதுக்கிட்டே வாரியே" என்றார்.

"மண்ணப் பிடுங்கிட்டாவ" என்றேன். வேறு எதற்காக அழுதேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஹவானாவை எல்லாரும் எழுதியாயிற்று. நான் பார்க்க ஆசைப்பட்டது கமகுவே. கிழக்கே சுமார் ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர், ஒரு மாகாணத்தின் தலைநகர். காலை ஆறரைக்குப் பேருந்து, மாலை நான்கரைக்கு இறங்கினோம். வழியெல்லாம் மாடு மேய்கிற சமவெளி. இந்த ஊர் முதலில் இங்கே இல்லை. ஐந்நூறு வருடத்துக்கு முன் ஸ்பெயின்காரர்கள் வடக்குக் கடற்கரையில் அமைத்தார்கள். அங்கே நிலைக்க முடியாமல் இடம் மாறி மாறி, கடைசியில் உள்நாட்டில் இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. கடற்கொள்ளையர்கள் அங்கேயும் விடாமல் வந்து சூறையாடினார்கள். அவர்களைக் குழப்பத்தான் தெருக்களைக் கோணல்மாணலாகப் போட்டார்கள் என்கிறார்கள். தானாக வளர்ந்த கோணல்தான் என்பாரும் உண்டு. நேராக நான்கு ரத வீதிகளில் நடந்து பழகிய எனக்கு, மூன்றாவது திருப்பத்திலேயே திசை போய்விட்டது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு, "நாங்களே தொலைவோம்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சிரித்தார்.

ஆறு இருந்தும் மழை பொய்த்தால் வறட்சி. அதனால் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் மண்ணில் பாதி புதைந்த பெரும் பானைகள். ஸ்பெயினிலிருந்து வந்த குயவர்கள் தங்கள் ஊர் எண்ணெய்ப் பானையைப் பார்த்துச் செய்தவையாம். நம்மூரில் நெல் கொட்டி வைக்கிற குலுக்கை அளவு வயிறு. கூரைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக அதில் விழுகிறது.

நாங்கள் தங்கியது மரிசா என்கிற அம்மாவின் வீட்டில், நாள் வாடகை இருபத்தைந்து டாலர். மறுநாள் பிற்பகல் கரண்ட் போய்விட, முற்றத்தில் உட்கார்ந்தோம். மரிசா பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதை சொன்னாள். இந்த ஊர்ப் பானைத் தண்ணீரை ஒரு பெண் கையால் வாங்கிக் குடித்த ஆண், அவளை விட்டுப் போகவே மாட்டானாம். நான் எழுந்துபோய் அந்தத் தம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கி இவரிடம் நீட்டினேன். மரிசா கைதட்டினாள்.

இவர் வாங்கினார். குடிக்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சுட்டி. போன்ல சொல்ல மனசு வரல. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

"அப்ப என்னைய எதுக்கு இம்புட்டுத் தூரம் வர விட்டிய?"

"மவ படிப்பு முடியணும்லா. இதக் குடிச்சிட்டு விட்டுட்டுப் போனா அது பொய்யில்லா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமி கும்பிடக்கூட வராத மனுஷன், யாரோ சொன்ன தண்ணீர்க் கதைக்குப் பொய்யாக நடக்க மாட்டேன் என்கிறார். அன்று மாலை முழுக்க, தேவாலயம் தேவாலயமாக, ஒரு சதுக்கம் விட்டு இன்னொன்றாக, அவர் முன்னால் போக நான் பின்னால் நடந்தேன். அந்தக் கோணல் தெருக்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முதுகு மறையும், ஓடிப்போய்ப் பார்ப்பேன். நின்றுகொண்டிருப்பார்.

கிளம்பும் காலையில் அவரே மரிசாவிடம் கேட்டு ஒரு பாட்டிலில் பானைத் தண்ணீர் நிரப்பி வந்தார். "ஊருக்குக் கொண்டு போ. நான் வந்தப்பொறம் உங்கையால குடு, குடிக்கேன்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மண், விதை, பழம் எதுவும் பெட்டியில் வேண்டாம். டார்ச்சும் வயிற்றுவலி மாத்திரையும் கட்டாயம். டீசல் தட்டுப்பாட்டில் பேருந்து ரத்தாகலாம், கையில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் புயல் பயம் உண்டு. பானைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

என் பாட்டில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்க் கோமதி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடியில் லேசாகப் பாசி பிடித்துவிட்டது. விடுமுறைக்கு வந்த மகள், "நாத்தம் அடிக்கும்மா, கொட்டிருதேன்" என்று இரண்டு தடவை எடுத்துவிட்டாள். தொடாதே என்று சொல்லிவிட்டேன். இதை அவர் குடிக்க முடியாது, எனக்குத் தெரியும். வாசலில் வந்து நின்று கையை நீட்டினால் போதும், அந்தக் கையில் ஊற்றிவிடுவேன்.