சாய மருந்து முப்பது சொட்டு

இது நடந்தது. கதை கட்டும் அளவுக்கு அன்று எனக்குத் தெம்பு இல்லை. காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஃபிலிம் தொழிற்சாலையில், கலவை அறையில் வேலை. ஃபிலிமில் பூசும் வெள்ளிக் கலவைக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில் வேலை செய்வோம். சாய மருந்து முப்பது சொட்டு விட்டால், சிவப்பும் அதன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குறைந்தால் குருடு. கூடினால் மந்தம். சொட்டு விடும்போது எந்த விளக்கும் கூடாது. கணக்குத் தப்பாமலிருக்க, சொட்டுக்கு ஒன்றாக ஓர் அட்டையில் குண்டூசியால் ஓட்டை போடுவோம்.

போன வாரம்தான் ஒரு கலவையைக் கெடுத்திருந்தேன். இன்னொன்று கெட்டால் வேலை போய்விடும். அப்புறம் அண்ணியின் வாய்க்குப் பயந்து வீட்டு மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

மதியம் 2.50. மேற்பார்வை பார்க்கும் பெண்ணை எல்லோரும் 'சொட்டு அக்கா' என்போம்.

"தூங்கி வழியாதடி. உள்ள விழுந்தா உன்னையும் சேர்த்துப் பூசிடுவாங்க."

"இல்லக்கா."

விளக்கை அணைத்தார். கதவு மூடும் சத்தம் கேட்டது.

டக். ஓர் ஓட்டை. டக். ஓர் ஓட்டை.

பதினைந்து... பதினாறு... பதினேழு...

கண் சொருகிவிட்டது.

விழித்தபோது என் கை காலியாக இருந்தது. சொட்டு விடும் டிராப்பர் இல்லை.

டக்... டக்...

சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் குரல். தொண்டை கட்டிய குரல்.

"இருபத்தாறு... இருபத்தேழு..."

அக்கா உள்ளேயே இருந்துவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியில் அழுகையே வந்தது.

"முப்பது."

டிராப்பரை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டது ஒரு கை.

சில்லென்று...

ஈரமாக...

3.40-க்குச் சோதனை முடிவு வந்தது. கலவை கச்சிதம். என் வேலை தப்பியது.

"நீங்க மட்டும் எண்ணலன்னா தொலைஞ்சிருப்பேன்க்கா."

"நானா? நான் வெளியதானே உக்காந்திருந்தேன். நடுவுல கதவத் தொறந்தா வெளிச்சம் பூந்துடாதா?"

என் அட்டையை நீட்டினேன். எண்ணிப் பார்த்தார். பதினேழு ஓட்டை.

அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"உனக்கு முன்ன இருந்தவ... சத்தமா எண்ணுவா. ஒருநாள் பாதியில நின்னுபோச்சு. வெளக்கப் போட்டா... உசுரு இல்ல. அவ அட்டையிலயும் பதினேழுதான். அத நான்தான் பூட்டி வெச்சேன். மூணு வருஷமாச்சு."

இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்தார். பழுப்பேறிய அட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

இரண்டு முறை எண்ணினோம்.

முப்பது.

கடைசிப் பதின்மூன்று ஓட்டைகளைச் சுற்றி, சாயம் இன்னும் காயவில்லை.