முதுகுப் பக்கம் தள்ளிய தாயத்து

அன்றைக்கு எங்கள் வீட்டு மிளகுக் களத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன் - அதாவது என் மச்சான், மச்சானின் சம்சாரம், மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து வந்திருந்த பாய், பாயைக் கூட்டி வந்த ஜீப் டிரைவர். மொத்தம் ஆறு பேர்.

இதில் டாக்டர் எத்தனை பேர்? ஒருத்தரும் இல்லை.

ஆனால் என் செல்போனில் மச்சானுடைய நெஞ்சு எக்ஸ்ரே வந்து இறங்கியதும்... ஆறு பேரும் டாக்டர்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வாரம் எங்கள் மலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கம் எக்ஸ்ரே வண்டி வந்தது. 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் வரவும், இலவசம்' என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எனக்கு இருமல் இல்லை. அதனால் என்ன? முதல் ஆளாகப் போய் நின்றவன் நான்தான். என்னைப் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். பக்கத்து ஊரில் ஒருத்தர் தும்மினால் இங்கே கஷாயம் வைத்துக் குடிக்கிற ஆள் நான்.

இருமல் இருந்தது மச்சானுக்கு. தைப் பொங்கலுக்கு முன்னால் ஆரம்பித்தது, மாசி பிறந்தும் விடவில்லை. சாயங்காலமானால் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். சட்டை, கொடியில் தொங்குவது மாதிரி உடம்பில் தொங்கியது. கேட்டால், "மிளகுத் தூசி மாப்ளே" என்பார். மிளகு உதிர்க்காத நாளிலும் மிளகுத் தூசி!

அவரை வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனது என் மனைவி. காரணம் இருக்கிறது. மச்சானின் மகள் பிரசவத்துக்கு வந்து, வீட்டில் பச்சைக் குழந்தை. மச்சான் களத்து வேலை முடிந்ததும் நேராகப் போய் அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வார். கொஞ்சுவார், இருமுவார், மறுபடி கொஞ்சுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் 'வேண்டாம் மச்சான்' என்பேன். ஆனால் நான் எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்லாதவன்? அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி... ரிசல்ட்டுக்கு வருகிறேன். இரண்டு பேருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். முதலில் வந்தது என்னுடையது. அதில் ஒரே ஒரு வார்த்தை - நார்மல்.

எனக்குத் திக்கென்றது. இத்தனை பெரிய நெஞ்சுக்கு ஒரே ஒரு வார்த்தையா? சரியாகப் பார்த்தார்களா? ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்குக்கூட ரேங்க் கார்டில் ஐந்தாறு வரி எழுதிக் கொடுத்தார்களே!

அடுத்து வந்தது மச்சானுடையது. இரண்டு வரி, கூடவே படம். படத்தைத் திறந்தேன். இடது பக்க நெஞ்சில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டை!

"ஏனுங்க, என்னங்க இது?" என்றாள் மனைவி.

போன் கை மாறியது. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "நல்ல திரட்சியா இருக்குதுங்களே..." என்றார், மிளகை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அதே முகத்தோடு. ஜீப் டிரைவர் வாங்கிப் பார்த்தார். "காத்து போற வழியில அடைப்புங்க. என் வண்டிக்கும் இதேதான். கழட்டி ஊதினாச் சரியாப் போயிரும்." மச்சானின் சம்சாரம் வாங்கவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை தூங்குகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்தான் மேல் வரியைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "லெஃப்ட்... மெட்டாலிக்... மெட்டல்னா இரும்பு, செம்பு மாதிரிங்க."

"நெஞ்சுக்குள்ள எப்படிங்க இரும்பு போகும்?" என்றேன் நான். அதற்குள் என் மனசு, மச்சான் சின்ன வயசில் விழுங்கியிருக்கக்கூடிய ஆணிகளை எல்லாம் எண்ண ஆரம்பித்துவிட்டது.

என் மனைவி மட்டும் அண்ணனின் கழுத்தையே பார்த்தாள். "அண்ணா... அந்தத் தாயத்தைக் கழட்டினீங்களா, இல்லீங்களா?"

"அதெப்படிக் கழட்டறது? குலசாமிக்கு நேந்து கட்டினது. அடுத்த நோன்பு வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எக்ஸ்ரே எடுத்த புள்ள கேக்கலியா?"

"கேட்டுச்சு. 'மேல ஒண்ணும் இல்லைம்மா'ன்னேன். முதுகுப் பக்கம் தள்ளி உட்டுட்டேன்." மச்சான் எங்கள் அறியாமைக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி சிரித்தார். "முன்னாடி நின்னுதானே படம் புடிக்கறாங்க? முதுகுல இருக்கறது எப்படித் தெரியும்?"

டிரைவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அட, ஆமாங்க! கயிறு கோக்கிற வளையம் கூடத் தெரியுதுங்க!"

அவ்வளவுதான். களமே சிரித்தது. மச்சானின் சம்சாரம் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மச்சான் முழு ஆரோக்கியசாலியாகிவிட்டார். ஒரு மாத்திரை இல்லை, ஒரு ஊசி இல்லை - தாயத்தே நோய், தாயத்தே வைத்தியம்!

எல்லாரும் சிரித்து முடித்தார்கள். சிரிக்காதவன் ஒருத்தன் இருந்தான். "பாய், இரண்டு வரி இருந்துச்சே... கீழ் வரி?" என்றேன்.

பாய் மறுபடி கண்ணாடியை ஏற்றினார். "ரைட்... அப்பர்... வலது பக்கம் மேல ஏதோ நிழல்ங்கறாங்க. சளி டெஸ்ட் எடுக்கணுமாம்."

"அதுவும் தாயத்தோட நிழல்தான்" என்றார் மச்சான்.

"மச்சான், தாயத்து இடது பக்கம். இது வலது பக்கம்."

"நிழல்னா நாலு பக்கமும் விழும் மாப்ளே. வெயிலைப் பாத்ததில்லையா நீ?"

இந்த ஞானத்துக்கு முன்னால் கலிலியோவே வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அன்றிலிருந்து நான் மச்சான் பின்னாலேயே அலைந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. 'மிளகு பறிப்பு முடியட்டும்' என்றார் மச்சான். மறுபடியும் வந்தது. 'மரவள்ளிக் கிழங்குக்கு லோடு லாரி வருது' என்றார். நான் கெஞ்சினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, போன மாசம் இடி இடிச்சப்போ செல்போனை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்ச ஆள் நீ. நீ சொல்றதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா, நான் அங்கியே ஒரு ஊடு கட்டிக்கணும்."

பயந்தாங்கொள்ளியாக இருப்பதில் இதுதான் பெரிய நஷ்டம். நிஜமாகவே பயப்பட வேண்டிய நாளில் நம் பேச்சு எடுபடுவதில்லை.

யோசித்தேன். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து என்ன? பயம். அதையே எடுத்து வீசினேன்.

"மச்சான், எனக்கு நார்மல்னு வந்ததுல சந்தேகமா இருக்குது. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டு வரலாம்னு இருக்கேன். தனியாப் போகப் பயமா இருக்குது. துணைக்கு வாரீங்களா?"

மச்சான் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்! "அப்படிக் கேளு. வாரேன். நீ ஒரு ஆளு, உனக்கு ஒரு மீசை!" பஸ் ஏறுவதற்குள் ஊரில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் சொல்லிவிட்டார் - மாப்பிள்ளைக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு, பயப்படுகிறான், துணைக்குப் போகிறேன் என்று.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே இருமினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். "இருமல் யாருக்கு?" என்றார்.

"இவருக்குத்தாங்க" என்று நான் மச்சானைக் காட்டினேன். "இவனுக்குத்தாங்க" என்று மச்சான் என்னைக் காட்டினார். காட்டிய கையை இறக்குவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. டாக்டர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

எத்தனை நாளாக? ராத்திரி வேர்க்கிறதா? சாயங்காலம் காய்ச்சலா? எடை குறைந்ததா? சளியில் ரத்தம்? மச்சான் எல்லாவற்றுக்கும் மிளகுத் தூசி என்றே பதில் சொன்னார். டாக்டர் என் போனில் படத்தைப் பார்த்தார்.

"இது தாயத்துங்க" என்றார் மச்சான் முந்திக்கொண்டு. "முதுகுல கிடந்தது. எப்படித்தான் தெரிஞ்சுதோ!"

"ஐயா, இது போட்டோ இல்லீங்க. டார்ச் வெளிச்சம் மாதிரி, இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்துரும். வழியில எது இருந்தாலும் நிழல் விழும் - முதுகுல இருந்தாலும் சரி, நெஞ்சுல இருந்தாலும் சரி. உங்க தாயத்தை நான் கேக்கலை. வலது பக்கத்தைக் கேக்கறேன்."

"அப்போ அது... நோயிங்களா?"

"அதை எக்ஸ்ரே சொல்லாதுங்க. நிழல் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். எப்பவோ வந்து ஆறிப்போன தழும்பா இருக்கலாம், சாதாரண சளியா இருக்கலாம், டி.பி.யா இருக்கலாம். சளியை டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். நிழலும் இருந்து, இருமல் காய்ச்சலும் இருந்தா, பறிப்பு முடியட்டும்னு உக்காரக் கூடாது."

நான் விடுவேனா? "எனக்கு நார்மல்னு வந்திருக்குதுங்க..."

"உங்களுக்கு இருமல் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ ஊட்டுக்குப் போங்க. ஆனா நார்மல்னு வந்தும் இருமல் விடலைன்னாலோ, ரத்தம் வந்தாலோ, பேப்பரைப் பத்திரமா வெச்சுக்கிட்டு உக்காராம திரும்பி வரணும். படத்தைக் காட்டிலும் உடம்பு சொல்றதுதான் முக்கியம்."

மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இந்த முறை தாயத்தைக் கழட்டியே ஆக வேண்டும். எக்ஸ்ரே அறை வாசலில் மச்சான் நின்றுவிட்டார். கயிற்றைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

"தரையில படக் கூடாது. நீ கையில வெச்சுக்கறியா?" என்றார்.

இரண்டு கையையும் ஏந்தினேன். தலை வழியாகக் கழற்றி வைத்தார். அப்போது, அடுத்தவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "மாப்ளே... தெனம் அந்தக் கொழந்தையைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினேனே. ஏதாச்சும் இருந்துட்டா அதுக்கும் ஒட்டியிருக்குமில்ல? அதைத் தெரிஞ்சுக்கத்தான் பயமா இருந்துது."

ஒரு மாதம் முழுக்க நான் பார்த்தது தைரியமே இல்லையா? என்னை மாதிரி ஆள் பயத்தை வாயில் வைத்திருக்கிறான். மச்சான் மாதிரி ஆள், பறிப்பு முடியட்டும், லாரி வரட்டும் என்று அதை நாள் தள்ளி நாள் தள்ளி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே சரக்குதான்.

சளி டெஸ்ட்டில் டி.பி. என்று வந்தது. மாத்திரை இலவசம். ஆறு மாசம் சாப்பிட வேண்டும், இருமல் நின்றுவிட்டதே என்று நடுவில் விடக் கூடாது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. முன்னெச்சரிக்கையாக அதற்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சரி என்கிற வரைக்கும் பேத்தியை எட்ட நின்று கொஞ்ச வேண்டும் என்று உத்தரவு. மச்சான் வாசலில் நின்றபடி, முகத்தில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, "கண்ணு... கண்ணு..." என்று கூப்பிடுகிறார். அது திரும்பிப் பார்த்துச் சிரித்தால் போதும் - அன்றைக்கு ராத்திரி அவருக்கு மாத்திரை கசப்பதில்லை.

எல்லாம் சுபம். ஒன்றே ஒன்றைத் தவிர.

ஊரில் யாருக்கு நோய்? எனக்கு! மச்சான்தான் புறப்படும்போதே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாரே. டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்களுக்கு அவசர வேலை வந்துவிடுகிறது. ஒருத்தர் தூரத்தில் நின்று, "தைரியமா இருங்க, இப்பெல்லாம் நல்ல மருந்து வந்துருச்சு" என்று ஆறுதல் சொன்னார் - மூக்கைப் பொத்திக்கொண்டு. நான் இல்லை, மச்சான் என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கப் அவர் கைக்குப் போகும். டம்ளரில் இந்த நோய் பரவாது, காற்றில்தான் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். 'ஏழாவது படிச்சவன் சொல்ல வந்துட்டான்' என்றார்கள்.

நேற்று மச்சானே டீக்கடைக்கு வந்தார். மாஸ்க்கோடு வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நோயாளி நாந்தான். மாப்பிள்ளை துணைக்கு வந்தவன். மாத்திரை சாப்பிடறேன், சரியாப் போயிரும். உங்கள்ல எவன் எவன் ரெண்டு வாரத்துக்கு மேல இருமிட்டிருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும் - சொல்லட்டுமா?"

கடையில் ஒரு இருமல் சத்தம் கேட்க வேண்டுமே!

"எழுது மாப்ளே" என்று எனக்கும் அனுமதி கொடுத்துவிட்டார். "பேரை மட்டும் உட்டுரு."

ஆக, அன்றைக்கு நோயாளி அவர், துணைக்குப் போனவன் நான் என்று அவர் வாயாலேயே ஊரறிய முடிவாகிவிட்டது. அப்படியானால் துணைக்கு வருகிறவர் என்ற பேரில் அவருக்கு நான் எடுத்த பஸ் டிக்கெட், வாங்கிக் கொடுத்த பரோட்டா, இளநீர் எல்லாம் யார் கணக்கு?

மச்சான் எனக்குத் தர வேண்டிய பாக்கி - இருநூற்று எழுபது ரூபாய்.