தோணிக்காரர் வீட்டுக்குப் போன பழத்தட்டு

ஒருவர் தன் கைக்காசைப் போட்டு ஊரார் பிள்ளையைப் படிக்க வைக்கிறார் என்றால், அவர் வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். இருபத்தோரு வயதில் நான் இதை முழுசாக நம்பினேன். நான் மட்டுமா, எங்கள் கடற்புறமே நம்பியது. ஆதாரமும் இருந்தது. எங்கள் தெருவில் டாக்டருக்குப் படித்தவர் ஒருவர், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் பெரிய வேலைக்குப் போனவர் ஒருவர். இரண்டு பேரையும் படிக்க வைத்தது வருங்கால மாமனார்கள்தான். பரீட்சை முடிந்த கையோடு மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்தேன். வடக்கே, இரண்டு ரயில் மாறிப் போகவேண்டிய ஒரு விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. இடம்தான் கிடைத்தது, போக வழி இல்லை. அப்பா சங்கு குளிக்கிறவர். கடல் தெளிந்து கிடக்கிற சில மாதங்கள்தான் அவருக்கு வேலை. சரி, ஏதாவது உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாகப் போகலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தோணிக்காரரு நீ போகவேண்டிய பல்கலைக்கழகத்துக்கு நன்கொட குடுத்துருக்காரு. கடக்கரை ஊர்ப் பிள்ளைங்க அங்கன படிக்கணுமாம். ஆணோ பொண்ணோ, எந்தச் சாமியக் கும்புட்டாலும் சரி. விடுதி, சாப்பாடு, புஸ்தகம் எல்லாம் அதுல வந்துரும். முத ஆளா ஒன் பேரச் சொல்லிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்புட வரச் சொன்னாரு. அம்மாவையும் கூட்டிட்டுப் போ."

இவ்வளவு பேச்சில் என் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

தோணிக்காரர் என்றால் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்மரத் தோணிகளின் முதலாளி. எங்கள் ஆள்தான், ஆனால் எங்கள் தெரு ஆள் இல்லை. அவருக்கு ஒரே மகள். எங்கேயோ வெளியூரில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள் என்பது ஊருக்குத் தெரியும். என்ன படிக்கிறாள், எங்கே படிக்கிறாள் என்று ஒருவரும் விசாரித்ததில்லை. பெண் படிக்கிற படிப்பை யார் விசாரிப்பார்கள்?

துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற என் தாய்மாமாதான் விஷயத்தை விளக்கினார்.

"ஏலே, படிக்கப் போறவனுக்கு எதுக்குலே கூட அம்மா?"

"தெரியல மாமா."

"தெரியலயாம்! பி.எஸ்ஸி. படிச்சிருக்கான், இது தெரியல. சம்மந்தம் பேசத்தாம்லே. போ, போய் முடிய வெட்டு."

எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. உடம்பு சுட்டதா என்றால் இல்லை. ஆனால் படுத்துக்கொண்டேன். பனியன் கிழிந்திருப்பது முதல், முதலாளி வீட்டில் எந்தக் கையால் கரண்டி பிடிப்பார்கள் என்பது வரை எல்லாமே பயம். கொழும்புக்கு ஓடிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குத் தோணி வேண்டும். துறையில் கிடந்த தோணிகளில் பாதி மாமனாருடையது.

புதன்கிழமை சாயங்காலம் நவநாள் ஜெபத்துக்குப் போனேன். இந்தக் கண்டத்திலிருந்து காப்பாற்று மாதாவே என்று கேட்கத்தான் போனேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் தோணிக்காரர் மகள் இருந்தாள். முக்காட்டுக்கு வெளியே ஒரு காதும் கன்னத்தில் கொஞ்சமும்தான் தெரிந்தன. பாட்டு தொடங்கியபோது மற்றவர்களுக்கு ஒரு அடி முன்னாலேயே ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பிச் சிரித்தாள். அவ்வளவுதான். மாதாவிடம் கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது. சனிக்கிழமைக்குள் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவனுக்கு நானே கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு பித்தளைத் தட்டு எடுத்தாள். வாழைப்பழம், கற்கண்டு, மல்லிகைப் பூ. எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியில் கட்டாமல் வைத்திருந்த தன்னுடைய ஒரே பட்டுச்சேலை. கூப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை என்றாள். சேலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது, எதிரே உட்கார்ந்து அவள் கேட்ட கேள்விகள். "காரம் இல்லாத சாப்பாடு ஒத்துக்குமா? பனி ஒத்துக்குமா? இங்கிலீசுல கேட்டா பயமில்லாமப் பதில் சொல்லுவீங்களா?" பெண்ணே மாப்பிள்ளையைப் பரீட்சை பண்ணுகிறாள், படித்த பெண் இப்படித்தான் இருப்பாள் போல என்று உள்ளுக்குள் பூரித்துப்போய், எல்லாவற்றுக்கும் ஒத்துக்கும் ஒத்துக்கும் என்று தலையாட்டினேன்.

கை கழுவி வந்ததும் அம்மா எழுந்து தட்டை இரண்டு கையாலும் எடுத்து, தோணிக்காரர் சம்சாரத்தின் முன்னால் நீட்டினாள். அந்தம்மா சேலையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். தோணிக்காரர் விசிறி மட்டையைப் பார்த்தார். நான் தரைக்குள் போக வழி இருக்கிறதா என்று பார்த்தேன்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"அத்தே, இங்கன உக்காருங்க." அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "ஒங்க மகன் போற எடத்துலதான் நானும் படிக்கேன், பௌதிகம். என் வகுப்புல பொம்பள நான் ஒருத்திதான். கடக்கரையில இருந்து வந்ததும் நான் ஒருத்திதான். எங்கப்பா தோணி எத்தன விட்டாலும் அங்கன நான் மீன்காரன் மக. கருவாட்டுப் பொட்டலத்தத் தொறந்தா மூக்கப் பொத்துதாங்க. நான் வாயத் தொறந்தா சிரிக்காங்க. நம்ம ஆளுவ நாலு பேரு வந்தா சிரிக்க மாட்டாங்கல்லா? அதுக்குத்தான் அப்பாகிட்ட நச்சரிச்சுக் குடுக்க வச்சேன். அதுக்காவ இவரு எனக்குத் தாலி கட்டணும்னு இல்ல அத்தே."

தோணிக்காரர் இருமினார். "வர்ற பிள்ளைகளுக்கு முத ஆறு மாசம் இங்கிலீசு சொல்லிக்குடுக்க தனியா ஒரு வாத்தியாரும் போடணும்னு சொல்லிருக்கேன்" என்றார், அதுதான் இப்போது எல்லோருக்கும் கவலை என்பதுபோல.

அவள் தட்டிலிருந்து மல்லிகையை மட்டும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். சேலையை மடித்து அம்மா மடியிலேயே வைத்தாள். "நெறம் ஒங்களுக்குத்தான் எடுப்பா இருக்கும், ஒங்க மகன வழியனுப்ப வரும்போது கட்டிக்கிட்டு வாங்க."

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்தப் பூவை எடுத்திருக்க வேண்டாம் அவள்.

ஆறு மாதம் ஆங்கிலம் படித்தேன். பரிசோதனைச் சாலையில் என்னை "மீன்" என்றுதான் கூப்பிட்டார்கள். நான் முந்திக்கொண்டு என்னைப் பற்றி நானே பெரிய ஜோக்காகச் சொல்லிவிடுவேன். அவர்கள் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த டீக்கடைக்கு அவள் வருவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நம்ம பேச்சு. மேக்க இருந்து வீசுற கச்சான் காத்து இப்போ அடங்கியிருக்குமா, சங்குக்கு ஆளுங்க எறங்கியாச்சா, ஊரில் யார் யாரோடு சண்டை. மூச்சு விடாமல் பேசுவாள். வாரம் முழுக்க வாயில் பூட்டியிருந்தது எல்லாம் கொட்டும். "எங்க, நீங்க பேசுங்க, நான் சும்மா கேக்கேன்" என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

நான் பேசுவேன். மாமாவைப் போலப் பேசிக் காட்டுவேன். சாமியாரைப் போலப் பேசிக் காட்டுவேன். அவள் கண்ணை மூடியிருக்கிற அந்த நேரத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், வாய் மட்டும் எங்கேயோ ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருக்கும். அந்த முகம் பார்த்துக்கொண்டிருந்தது தூத்துக்குடியை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், வருவது இன்னொரு ஜோக். அவள் சிரித்து முடிக்கும்போது டீ ஆறியிருக்கும்.

சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் போயிருக்கும். அவளுக்கு அந்த ஊரில் என்னைவிட்டால் வேறு காது இல்லை.

அடுத்த வருஷக் கோடையில் அவள் படிப்பை முடித்து, ஆராய்ச்சிக்காக வெளிநாடு போனாள். அங்கேயே இருந்துவிட்டாள். மழை தொடங்கியபோது அதே நன்கொடையில் மணப்பாட்டிலிருந்து ஒரு பெண்ணும் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பையனும் வந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை அழைத்துவந்தது நான்.