அங்குலத்துக்குப் பதினான்கு பல்

பேண்ட்சா வாங்கப் போன கடையில் கடைக்காரன் என் முகத்தையே பார்க்கவில்லை. கேள்வி கேட்டது நான். பதில் முழுக்க என் கணவருக்குப் போனது.

"சார், வூட்டுக்குன்னா பன்னெண்டு இஞ்ச் மிஷினே போதும் சார். சிங்கிள் பேஸ்ல ஓடும். மேடத்துக்கும் ஈசியா இருக்கும்."

என் கணவருக்கு அங்குலமும் தெரியாது, பேஸும் தெரியாது. கிரைண்டருக்குப் பிறகு அவர் பக்கத்தில் நின்று பார்த்த இரண்டாவது மிஷின் அதுதான். ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அந்த ஆட்டத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி வளையமாக ஓடும் ரம்பப் பட்டை. இதுதான் பேண்ட்சா. மர மில்லில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். வீட்டில் மரவேலை செய்கிறவர்களுக்கென்று அதன் குட்டிகள் வருகின்றன. எனக்கு அதில் ஒன்று வேண்டியிருந்தது. பொழுதுபோக்குக்காக அல்ல. என் அண்ணனை ஒரு நாள் சாப்பிட உட்கார வைப்பதற்காக.

அப்பா போன மறு வருஷம், பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட அண்ணன் தீர்மானித்தான். அதற்கு என் கையெழுத்து தேவைப்பட்டது. காலையில் வந்து, ஓட்டலில் டிபன் வாங்கிக் கொடுத்து, என்னைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனான். நான் கையெழுத்துப் போட்ட தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். அப்பா வீட்டில் எனக்கிருந்த பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்த தாள். அதற்கு விடுதலை என்று பெயர் வைத்தவன் எவனோ, அவனுக்குக் கட்டாயம் ஒரு தங்கை இருந்திருப்பாள். ஏன் போட்டேன் என்று கேட்காதவர்கள் இல்லை. அண்ணனோடு பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து போட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

வீடு இடிக்கிற அன்று போய் நின்றேன். தறி இருந்த கூடத்துக்கு மேலே ஓடிய தேக்கு உத்திரத்தை இறக்கி வாசலில் போட்டிருந்தார்கள். பன்னிரண்டடி நீளம், ஆறங்குலச் சதுரம். புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருந்தது. ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே தேன் நிறம்.

"இத நான் எடுத்துக்கிறேண்ணா."

அண்ணன் மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தான். "எடுத்துக்கினு போம்மா. வெறகுக்காச்சும் ஆவும்."

மேஸ்திரியும் சிரித்தான். அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இந்த உத்திரம் சாப்பாட்டு மேஜையாக வேண்டும். நால்வர் உட்காரும் மேஜை. அதில் ஒரு பக்கம் அண்ணன் உட்கார்ந்து, நான் போட்ட இலையில், என் கைச் சமையலைச் சாப்பிட வேண்டும். அது நடக்காவிட்டால் அவன் சொன்னதுதான் சரி. எனக்குக் கிடைத்தது விறகு.

மேஜை செய்வது எனக்குப் பெரிய வித்தை இல்லை. செவிலிமேட்டில் எங்கள் வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. நாலைந்து வருஷமாக அது என் பட்டறை. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அங்கே உடைந்த ஸ்டூல்களை ஒட்ட வைப்பதில் ஆரம்பித்தது, வீட்டு அலமாரி, பெண்ணுக்குப் படிக்கிற மேஜை என்று வளர்ந்தது. "டவுன் பஸ்ல போற ஆசாரி" என்று தெருவில் எனக்குப் பெயர். வைத்தவர்கள் யாரென்றும் தெரியும். அவர்கள் வீட்டு ஜன்னல் கதவு மூடாமல் தொங்கியபோது என்னிடம்தான் வந்தார்கள். நான் போகவில்லை.

உத்திரத்தைப் பலகையாகக் கிழிப்பதுதான் சிக்கல். மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் அண்ணனின் சிநேகிதர். இறக்கக்கூட விடவில்லை.

"தறிக் கூடத்து மரமாச்சேம்மா, உள்ள பூரா ஆணி இருக்கும். என் பிளேடு போயிடும். உங்கண்ணன் கூட வெறகுன்னு தானே சொன்னாரு?"

ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டியைத் திருப்பினேன். ஆய்வகத்திலிருந்து சட்டக் காந்தத்தைக் கேட்டு வாங்கி வந்து, உத்திரத்தின் நான்கு பக்கமும் விரல் விரலாகத் தடவினேன். காந்தம் ஒட்டிய இடத்தில் எல்லாம் தோண்டினேன். தறிக்குக் கயிறு கட்டிய கொக்கிகளும் ஆணிகளுமாக ஒரு டப்பா நிறைந்தது. பிறகு கை ரம்பத்தால் நாலடி நாலடியாக மூன்று துண்டு போட்டேன். அதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. தோள்பட்டை கழன்றது. பலகை கிழிக்கச் சொந்தமாக மிஷின் வாங்குவது என்று அப்போது முடிவாயிற்று.

அதற்குப் பணம் சேர எட்டு மாதம் பிடித்தது. அப்படித்தான் அந்தக் கடைக்குப் போய் நின்றோம். பன்னிரண்டு அங்குலச் சக்கரம் உள்ள மிஷினில் மரம் நுழையும் உயரம் சரியாக ஆறு அங்குலம். ஆறங்குல மரம் அதில் எப்படி நுழையும் என்று கேட்டேன். கடைக்காரன் என் கணவரைப் பார்த்து, "தட்டி வுட்டா போவும் சார்" என்றான். அதைவிட உயரம் கொடுக்கும் பதினான்கு அங்குல மிஷினைக் காட்டச் சொன்னேன். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். இரும்பு மேடையின் மேல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். பட்டையை இறுக்கும் திருகை ஏற்றி இறக்கினேன். முதலில் காட்டிய மிஷினில் சக்கரம் ஆடியது. அடுத்ததைக் காட்டு என்றேன்.

"இன்னா சார், மேடம் பொண்ணு பாக்க வந்தா மாரி பாக்கிறாங்க."

என் கணவர் அதற்கும் சிரித்தார். வீட்டுக்குப் போய் அவருக்குத் தனியாகக் கிடைத்தது.

மூன்றாவது மிஷின் ஆடவில்லை. மோட்டார் ஒன்றரை ஹெச்.பி. அதை எடுத்து வைக்கச் சொன்னேன். பட்டையைத் தேர்ந்தெடுப்பது மட்டும் பாக்கி. தடி மரத்தைப் பலகையாகக் கிழிக்க வேண்டும் என்று சொன்னதும் அவன் ஒரு பட்டையை எடுத்துப் போட்டான். அங்குலத்துக்கு மூன்றே பல். கிழவியின் வாய் மாதிரி இருந்தது. பக்கத்து ஆணியில் பளபளவென்று வேறொன்று தொங்கியது. அங்குலத்துக்குப் பதினான்கு பல். அதைக் கேட்டேன்.

"அது தகரத்துக்கு, மெல்லிசு பிளைவுட்டுக்கு. தடி மரத்துக்கு மூணு பல்லுதான் சார். தூளு வெளிய வர எடம் வேணாமா?"

இங்கேதான் என் பிறப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. நான் தறிக்காரர் வீட்டுப் பெண். பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற சட்டத்தை அச்சு என்போம். அச்சில் பல் நெருக்கமாக இருந்தால் இழை கூடும், சேலை கெட்டி. பல் விலகியிருந்தால் சேலை சல்லடை. விவரம் தெரியாதவர்கள் தலையில் கட்டுவதற்கென்றே அப்படி நெய்வார்கள். நடக்கப் பழகும் முன்பே இது எங்களுக்குத் தெரியும். மூன்று பல் பட்டையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பொம்பளை என்று இளக்காரமாக நினைத்து, போணியாகாத சரக்கை என் தலையில் கட்டுகிறான்.

"பல் எண்ணத் தெரியாம வரல. அந்தப் பதினாலு பல்லையே குடு."

"அது மரத்த எரிச்சிடும் மேடம்." முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"எரிஞ்சா நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

அவன் உதட்டைப் பிதுக்கி, பதினான்கு பல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். கடையை விட்டு இறங்கும்போது ஜெயித்தவள் மாதிரி இறங்கினேன்.

மிஷின் குட்டியானை வண்டியில் வந்து ஷெட்டில் இறங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் துண்டை ஏற்றினேன். என் கணவர் பின்னால் நின்று தாங்கிக்கொண்டார். முதல் இரண்டு அங்குலம் வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று. பிறகு பட்டை முனக ஆரம்பித்தது. தள்ளினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினேன். மரத்திலிருந்து புகை வந்தது. தேக்கு எண்ணெய் கருகும் வாசனை ஷெட்டை நிறைத்தது. நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று பல் வாங்கச் சொன்னவன் மனசில் வந்தான். அவனை நினைத்து நினைத்துத் தள்ளினேன். பாதி தாண்டியதும் பட்டை தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியது. அறுத்து முடித்து இரண்டு பாகத்தையும் பிரித்தபோது, பலகை ஒரு முனையில் இரண்டு அங்குலம், நடுவில் அரை அங்குலம். அறுபட்ட பக்கம் முழுக்கக் கரி.

"நிறுத்திக்கலாமா?" என்றார் அவர்.

"உங்கள யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

அப்போதும் தப்பு என் மேல் என்று தோன்றவே இல்லை. மட்டமான பட்டையைக் கொடுத்துவிட்டான், போய் அவன் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்று புடவையை மாற்றப் போனேன். அந்த நேரம் பார்த்து வாசலில் அண்ணன் வந்து நின்றான். கையில் தாம்பூலத் தட்டு. தட்டில் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை.

வீட்டுக்குள் வரவில்லை. வாசனை பிடித்து நேராக ஷெட்டுக்குப் போனான். கருகிய துண்டைக் காலால் தள்ளிப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல, வெறகுன்னு?"

பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவன் முன்னால் அழுவதற்கு அந்த மிஷினில் கையைக் கொடுக்கலாம்.

அவன் விடுகிற ஆளா? மிஷினைச் சுற்றி வந்தான். நின்றிருந்த பட்டையில் விரலை வைத்து, அச்சைப் பார்க்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கிப் பல்லை எண்ணினான். எண்ணி முடித்து, எல்லாம் தெரிந்தவனாக நிமிர்ந்தான்.

"பல்லு பத்தாதும்மா. இன்னும் நெருக்கமா வாங்கியிருக்கணும். நெருக்கமா இருந்தாத்தானே கெட்டி? பொம்பளன்னு கடக்காரன் உன்ன ஏமாத்திட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே பேச்சு, ஒரு எழுத்து மாறாமல், அவன் வாயிலிருந்து வருகிறது. அப்பா சொத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சரிபாதியாகக் கிடைத்தது அந்த முட்டாள்தனம் ஒன்றுதான். அண்ணன் இவ்வளவு அடித்துச் சொல்கிறான் என்றால் அது கட்டாயம் தப்பாகத்தான் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு வருஷ அனுபவம் எனக்கு. குனிந்து பட்டையைப் பார்த்தேன். பல் இடுக்குகளில் எல்லாம் தூள் கெட்டியாக அப்பிக் கருகியிருந்தது. வெளியே வர இடமில்லை. உராய்வைப் பற்றிப் பாடம் நடக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அது எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

"ஆமாண்ணா" என்றேன். "ஏமாந்துட்டேன்." அவனுக்குச் சரியானதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மனசில்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கல்லூரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். தனியாக. கடைக்காரன் என்னைப் பார்த்ததும் மூன்று பல் பட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். முதலிலேயே எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தானாம், திரும்பி வருவேன் என்று தெரியுமாம். அவன் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அவனுக்கு "ஆர்" விகுதியெல்லாம் போட மாட்டேன்.

புதுப் பட்டை மீதி இரண்டு துண்டையும் ஒரு முனகல் இல்லாமல் கிழித்தது. தவிட்டு நிறத் தூள் மிஷினுக்கு அடியில் குவியலாகக் கொட்டியது. ஒவ்வொரு பலகையும் ஒரே கனம். கருகிய துண்டில் தேறியதை மேஜையின் காலுக்கு எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு துண்டின் பலகை போனது போனதுதான். மேஜையின் அகலம் குறைந்தது. நடுக் கூடத்தில் போட்டால் எதிரெதிராக இரண்டு இலை விரிக்க இடம் பற்றவில்லை. சுவரோடு ஒட்டிப் போட வேண்டியதாயிற்று. நீளப் பக்கத்தில் ஒருவர், முனைக்கு ஒருவர். மூவர் உட்காரலாம்.

கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனேன். மாடியில் குளிரூட்டிய அறை இருக்கிறது. தறிக் கூடம் இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. ஒரு மாதம் கழித்து அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தான்.

மேஜையின் நீளப் பக்கத்தில் அவனுக்கு இலை போட்டேன். ஒரு முனையில் என் கணவர். மறு முனையில் என் பெண். நாலாவது இடம் இல்லை. எண்ணிப் பார்த்துச் செய்ததல்ல. மூவருக்கும் இலை போட்டு முடித்த பிறகுதான், விட்டுப்போன பக்கம் என்னுடையது என்று எனக்கு உறைத்தது. எவர் கண்ணிலும் அது படவில்லை. நான் நின்றுகொண்டு பரிமாறினேன்.

சாம்பார் சோறு முடியும்போது அண்ணன் இடது கையால் மேஜையைத் தடவினான்.

"மேஜ நல்லா இருக்குதும்மா. நல்ல தேக்கு. எங்க வாங்கின?"

"நீ குடுத்த வெறகுண்ணா."

அவன் கை இலையில் நின்றது. என் கணவர் தலையாட்டுவதை நிறுத்தினார். என் பெண் மட்டும் அப்பளத்தை நொறுக்கினாள். பிறகு அண்ணன் தலை நிமிராமலே ரசம் கேட்டான்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன்.