நகர்ந்தது எது?

நூருல் ஹுதா உட்காரவில்லை. கதிரியக்கத் துகள் பெட்டகத்தை விட்டுக் கிளம்பினால், அது திரும்பி வரும்வரை நாற்காலியைத் தொடமாட்டாள். கன்னத்தில் ஒதுக்கிய ஜாதிக்காய் ஊறுகாய்த் துண்டை மெல்லவும் மாட்டாள். அரிசி மணி அளவுகூட இல்லாத அந்தத் துகளிடம், பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் சொல்வதுபோல, "போய்ட்டு ஒழுங்கா வந்துருலா" என்பாள்.

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் அவள் கதிர் அளப்பவள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உடம்புக்குள் செருகிய குழாய் வழியே துகளை அனுப்பிக் கதிர் கொடுக்கும்போது, அருகிலிருக்கும் மலக்குடலில் எவ்வளவு படுகிறது என்று பார்க்கவேண்டும். அதற்காக அங்கே மெல்லிய உணரி ஒன்றைச் செருகியிருப்பார்கள்.

அன்று கனத்த கதவுக்கு அப்பால் படுத்திருந்தவர் சுங்கை பாக்காப் ஊர்க்காரர் காமாட்சி. துகள் உள்ளே போன சற்று நேரத்தில், திரையில் உணரி காட்டும் அளவுக்கோடு, முன்பே போட்டுவைத்த கணக்குக்கோட்டை விட்டு மேலே ஏறத் தொடங்கியது.

"உணரி நகர்ந்திருக்கும் ஹுதா," என்றார் டாக்டர் ராம்நாத். "அடிக்கடி நடக்கிறதுதானே. இப்ப நிறுத்தினா, பாவம், அந்தம்மா திரும்ப ஸ்கேனுக்குப் போகணும்."

"நகர்ந்தது உணரியா, குடலான்னு தெரியல டாக்டர். அதான் பயமா இருக்கு."

கோடு இன்னும் ஏறியது. குடல் வெந்தால் ஆறாத புண், வாழ்நாள் வேதனை. உணரிதான் என்றால், நொந்து கிடக்கிற பெண்ணை வீணாக அலைக்கழித்த பழி. ஹுதா நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். துகள் பெட்டகத்துக்குத் திரும்பியது.

ஒலிவாங்கியில் குனிந்தாள். "அக்கா, சின்ன செக்கிங். அப்படியே அசையாம இருங்க."

"சரிம்மா," என்றது களைத்த குரல்.

புதிதாக எடுத்த ஸ்கேன் படத்தை ராம்நாத் கிட்டே போய்ப் பார்த்தார். குடலில் வாயு சேர்ந்து, அதன் சுவர் கதிர்க்குழாயை ஒட்டி நின்றது. அவரே கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். வாயுவை வெளியேற்றி, குடலைக் குழாயிலிருந்து தள்ளிவைக்கும் துணித் திணிப்பைச் சரிசெய்து, மறுபடி படம் எடுத்து, மறுபடி தொடங்கினார்கள். இரண்டு கோடுகளும் ஒட்டியே ஓடின.

முடிந்ததும் ஹுதாதான் முதலில் உள்ளே போனாள். காமாட்சி கண்ணை மட்டும் திருப்பினார்.

"நல்லபடியா முடிஞ்சதாம்மா?"

"முடிஞ்சதுக்கா. டாக்டர் வந்து குழாயை எடுத்துருவாரு."

"அதுவரைக்கும் அசையக் கூடாதாக்கும்? உள்ளங்கால்ல அப்பப் புடிச்சு ஒரே அரிப்பு. நீங்க சொன்னீங்கன்னு கம்முனு கெடக்கேன்."

ஹுதா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, குனிந்து சொறிந்துவிட்டாள்.